பார்சலுக்கு ஒரு நீதி

திருச்செங்கோட்டிலிருந்து நண்பர் ஒருவர் சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். ஆறு விசைத்தறிகளை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு பாடுபட்டுப் பிழைப்பவர். நூல் விலை, கூலி, கரண்டுக் கட்டணம் என்று வழக்கமான கஷ்டங்களைப் பேசி முடித்த பின்னர், சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டி, "நீங்கள் வக்கீலாயிற்றே, இதில் என்ன எழுதியிருக்கிறதென்று சொல்லுங்கள்" என்றார்.

அது ஒரு கூரியர் கம்பெனி கொடுத்த சுங்கத் தீர்வை ரசீது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய குமாரர், சென்ற தீபாவளிக்காக இணையக் கடை ஒன்றில் கைக்கடிகாரம் வாங்கி, கடைக்காரரே அதைத் தகப்பனார் விலாசத்துக்கு நேரே அனுப்பும்படி செய்திருக்கிறார். விலையும் அனுப்பும் கூலியும் அங்கேயே கட்டியாகிவிட்டது. ஆனால் பார்சலைக் கொண்டுவந்தவர் வாசலில் நின்றுகொண்டு, தீர்வையென்றும், அத்தீர்வையைக் கம்பெனி முன்கூட்டிக் கட்டியதற்குக் கட்டணமென்றும், கடிகாரத்தின் விலையில் ஏறக்குறையப் பாதியைக் கேட்டிருக்கிறார். தராவிட்டால் பார்சல் திரும்பிப் போகும். மகன் அனுப்பிய பண்டம் திரும்பிப் போக எந்தத் தகப்பன்தான் சம்மதிப்பான்? நண்பர் கேட்டதைக் கொடுத்தார். அர்த்தநாரீசுவரர் மலையடிவாரத்தில் வசிப்பவருக்குப் பாதி பாதி என்பது புதிதன்று. ஆயினும் அங்கே சுவாமி தம் உடலில் பாதியை மனமுவந்து கொடுத்தார். இங்கே கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இவ்வளவோடு நின்றிருந்தால் நண்பர் நம்மிடம் வந்திருக்கமாட்டார். அவருடைய தெருவிலேயே மற்றொரு வீட்டுப் பிள்ளையும் அதே தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தார். விமானத்தில் கோயமுத்தூரில் இறங்கினார். பெட்டியிலே கடிகாரம், வாசனைத் திரவியம், சட்டைகள், மிட்டாய் டப்பாக்கள் என்று நாற்பதினாயிரம் ரூபாய் பெறுமான சாமான்கள். பச்சை வழியாக நடந்து வெளியே வந்தார். ஒரு காசு தீர்வை இல்லை. "அவர் கொண்டுவந்ததும் சிங்கப்பூர்ச் சாமான், எனக்கு வந்ததும் சிங்கப்பூர்ச் சாமான். இரண்டுக்கும் ஏன் இரண்டு நியாயம்?" என்பதே நண்பரின் கேள்வி.

நாம் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். நண்பரின் கேள்வி நியாயமானது என்ற முடிவுக்கே வந்தோம்.

அயல் நாடு சென்று திரும்பும் இந்தியப் பிரயாணி ஒருவர், 2016ம் வருஷத்துப் பயணச் சாமான் விதிகளின்படி, 50,000 ரூபாய் வரை பெறுமான பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்றிருந்தது. 2026ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வந்த புதிய விதிகள் இவ்வரம்பை 75,000 ரூபாயாக உயர்த்தின. தபாலிலோ கூரியரிலோ வரும் பார்சலுக்கு உள்ள வரம்பு என்ன? 1962ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 25வது பிரிவில் ஆறாவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. கட்டவேண்டிய தீர்வை 100 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அதை வசூலிக்க வேண்டாம் என்று அது சொல்லுகிறது. பொருளின் விலை 100 ரூபாய் என்பதன்று இதன் பொருள். தீர்வைத் தொகை 100 ரூபாய் என்பதே. சொந்த உபயோகத்துக்கென்று வரும் சாமான்கள்மீது சில வருஷங்களுக்கு முன்னர் அடிப்படைத் தீர்வை நூற்றுக்கு 35, அத்தீர்வையின்மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வரி, இவையனைத்தின்மேலும் நூற்றுக்கு 28 ஜி.எஸ்.டி. என்று, மொத்தம் நூற்றுக்கு 77.28 விதிக்கப்பட்டிருந்தது. அக்கணக்கில் 100 ரூபாய் தீர்வைக்குட்பட்ட பொருள் என்றால் அதன் விலை சுமார் 129 ரூபாய்தான். விமானத்தில் வருகிறவருக்கு 50,000. வீட்டிலிருந்தபடி பெறுகிறவருக்கு 129! பிற்பாடு விகிதம் குறைந்தது. 2026ம் வருஷம் பிப்ரவரி 1ந் தேதி பட்ஜெட்டில், அடிப்படைத் தீர்வையை நூற்றுக்கு 20லிருந்து 10ஆகக் குறைப்பதாக நிதி மந்திரி அறிவித்தார். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் குறைந்த விகிதத்தில் கணக்குப் பார்த்தாலும் பார்சலுக்குள்ள சலுகை சில நூறு ரூபாய் சாமானைத் தாண்டாது.

பிரயாணிக்குத் தரும் சலுகையை நாம் குறைகூறவில்லை. வெயிலிலும் மழையிலும் அயல் நாட்டில் உழைத்து, இரண்டு வருஷத்துக்கொரு முறை ஊர் திரும்புகிறவன் தாய்க்கும் தங்கைக்கும் வாங்கி வருவதைச் சுங்க மேஜைமீது கொட்டிக் கணக்கிடுவது அழகன்று. ஆனால் அச்சலுகையை யார் மிகுதியாக அனுபவிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மாதம் இருமுறை விமானமேறும் வியாபாரி அனுபவிக்கிறான். 'குருவி' என்று நமது மக்கள் பெயரிட்டிருக்கும் கூட்டத்தார் அதையே தொழிலாகக் கொண்டிருக்கின்றனர். அவர்கள் கொண்டுவரும் சாமான் எந்தக் கடைகளில் விற்பனையாகிறதென்பதைச் சென்னைக்குப் போய்வந்த எவரும் அறிவர். டிக்கட்டுக்குப் பணமும் லீவும் இல்லாமல், பண்டத்தை மாத்திரம் அனுப்பிவைக்கும் தொழிலாளிக்குத்தான் முதல் ரூபாயிலிருந்து தீர்வை.

முன்னர் இவ்வளவு கண்டிப்பு இருக்கவில்லை. அயல் நாட்டிலுள்ள உற்றார் அனுப்பும் பரிசுப் பொருள்களுக்கு ஒரு வரம்பு வரை விலக்கு இருந்தது. 2019ம் வருஷம் டிசம்பர் 12ந் தேதி அயல்நாட்டு வர்த்தக டைரக்டர் ஜெனரலின் அறிவிப்பு ஒன்று வெளிவந்தது. தபாலிலோ கூரியரிலோ வரும் பண்டங்களை, இணையக் கடையில் வாங்கியவை உள்பட, பரிசென்று சொல்லித் தீர்வையின்றி விடுவிக்க அது தடை விதித்தது. முழுத் தீர்வையையும் கட்டினால் பெறலாம். காரணம் இல்லாமலில்லை. சீன நாட்டு இணைய வியாபாரிகள் விற்ற சரக்கையெல்லாம் 'பரிசு' என்று எழுதி ஆயிரக்கணக்கில் அனுப்பி, நமது நாட்டு வியாபாரிகளின் வயிற்றிலடித்தார்கள். வாங்கினவனுக்கு விற்றவன் பரிசளிப்பதைப் போன்ற வேடிக்கை வேறொன்றுண்டோ? ஆகவே கதவை அடைத்ததில் தவறில்லை. ஆனால் திருடனுக்காக அடைத்த கதவு, வீட்டுப் பிள்ளைக்கும் அடைபட்டுவிட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மாத்திரம் அவ்வறிவிப்பு விலக்களித்தது. ராக்கியோடு சேர்ந்து வரும் பரிசுக்கு விலக்கில்லை என்றும் அடைப்புக்குறியிட்டு எச்சரித்தது! வடநாட்டுச் சகோதரிகள் கட்டும் கயிற்றிடம் நமக்கு மதிப்பு உண்டு. கொங்கு நாட்டு அண்ணன் தங்கைக்கு அனுப்பும் தீபாவளிச் சீரும், மாமன் மருமகளுக்கு அனுப்பும் முறைச் சீரும் அதே அன்பில் பிறந்தவை என்பதை டில்லியிலுள்ளோருக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நலம்.

தீர்வையின் அளவைக்காட்டிலும் அதன் அந்தரங்கம் நமக்கு அதிக வருத்தந் தருகிறது. வாங்குகிற சமயத்தில், எவ்வளவு தீர்வை வருமென்று நண்பரின் குமாரருக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. பொருளின் விலைமீது மாத்திரமன்றி, கப்பலிலோ விமானத்திலோ வந்த கூலியையும் இன்ஷ்யூரன்ஸையும் சேர்த்தே தீர்வை கணக்கிடப்படுகிறதென்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தபாலில் வரும் பண்டத்துக்குப் பொருந்தும் விகிதம், வாங்கிய நாளில் இருந்த விகிதமன்று. சட்டத்தின் 83வது பிரிவின்படி, தபால் அதிகாரிகள் ஜாபிதாவைச் சுங்க அதிகாரியின் முன்னிலையில் வைக்கும் நாளில் எந்த விகிதம் அமலிலிருக்கிறதோ அதுவே. இடையில் ஒரு பட்ஜெட் வந்துவிட்டால் தலையெழுத்தே மாறிவிடும். கூரியர் கம்பெனிகள் வைக்கும் கட்டணமோ அவரவர் இஷ்டம். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட விலை கேட்டுத்தான் கூடையை நீட்டுகிறான். சர்க்கார் மாத்திரம் பண்டம் வாசலுக்கு வந்த பிறகு விலை சொல்லுகிறது.

"சுதேசியம் பேசும் பத்திரிகை அயல்நாட்டுச் சாமானுக்குப் பரிந்து பேசலாமா?" என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925ம் வருஷம் ராஜாஜி அவர்கள் ஆசிரமம் அமைத்து இராட்டையைச் சுழலவிட்ட ஜில்லாவிலிருந்து இக்கேள்வி வருவது இயல்பே. அவ்வாசிரமம் தோன்றிய அதே வருஷத்தின் கடைசியில்தான் இந்திய மில் துணிமீதிருந்த உள்நாட்டுத் தீர்வையும் நிறுத்திவைக்கப்பட்டது என்பதை நினைவூட்ட விரும்புகிறோம். 1894ல் இறக்குமதித் துணிமீது நூற்றுக்கு 5 தீர்வை விதிக்கப்பட்டபோது லங்காஷயர் ஆலை முதலாளிகள் கூக்குரலிட்டனர். 1896ல் அதை 3½ ஆகக் குறைத்ததோடு நில்லாமல், நமது மில்களில் நெய்த துணிமீதும் அதே 3½ விதித்தனர். நமது முன்னோர் முப்பது வருஷம் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். தீர்வை என்ற பெயரை அவர்கள் வெறுக்கவில்லை. அது யாருக்காக, யார்மீது போடப்பட்டதென்று கேட்டார்கள். நாமும் அதையே கேட்கிறோம். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோட்டுத் தறிகளைக் காப்பாற்ற அயல்நாட்டுத் துணிமீது தீர்வை வேண்டுமானால் தாராளமாக விதிக்கட்டும். முதல் கைதூக்குகிறவர்கள் நாமாயிருப்போம். கொள்கலன் கொள்கலனாகத் துறைமுகத்தில் இறக்கும் பெருவியாபாரியைவிடத் தனிப் பிரஜை கூடுதலாகக் கட்டவேண்டும் என்பதில் எந்தச் சுதேசியம் இருக்கிறது?

இது கற்பனையன்று. 2021ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கொரோனா நோய் டில்லியையும் நமது ஊர்களையும் ஒருங்கே வாட்டியபோது, மூச்சுத் திணறியவர்களுக்காக அயல் நாட்டிலுள்ள உறவினர்கள் பிராணவாயுக் கருவிகளை அனுப்பினர். வியாபாரி இறக்குமதி செய்தால் அக்கருவிக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 12. நோயாளி தன் சொந்த உபயோகத்துக்குத் தருவித்தால் 28! மே 1ந் தேதிதான் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. அமெரிக்காவிலுள்ள உறவினர் கருவியைப் பரிசாக அனுப்பியிருந்த 85 வயதுப் பெரியவர் ஒருவர் டில்லி ஹைகோர்ட்டை அடைந்தார். பரிசாக வந்த கருவிமீது வரி விதிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று மே 21ந் தேதி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. ஜூன் 1ந் தேதி சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. எந்தக் கோர்ட் சரி என்ற வாதத்தில் நாம் இறங்கவில்லை. மூச்சு விடுவதற்கு வரி உண்டா என்று எண்பத்தைந்து வயதில் ஒருவர் கோர்ட் படியேற நேர்ந்ததே, அதைச் சொல்லுகிறோம்.

அதே வருஷம் நமது நாமக்கல் ஜில்லாவே மற்றொரு காட்சியைக் கண்டது. தசைகளை நாளுக்கு நாள் நலியச் செய்யும் பிறவி நோயால் பீடிக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு, அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய ஒரே ஊசி மருந்தின் விலை சுமார் 16 கோடி ரூபாய். முகமறியாத பல்லாயிரம் பேர் நூறும் ஐந்நூறுமாக அனுப்பிச் சேர்த்தார்கள். பணம் சேர்ந்த பிறகு, மருந்துக்குத் தீர்வையாக ஏறத்தாழ 6 கோடி ரூபாய் வேண்டும் என்று தெரிந்தது. பெற்றோரும் பொதுஜனங்களும் முறையிட்டனர். பிரமுகர்கள் டில்லிக்கு எழுதினர். ஜூலை மாதத்தில் நிதியமைச்சகம் தீர்வையைத் தள்ளுபடி செய்தது. குழந்தைக்கு மருந்து கிடைத்தது. சர்க்காரின் தயவைப் பாராட்டுகிறோம்.

பாராட்டிய பின்னரும் ஒரு வார்த்தை. விசேஷ சந்தர்ப்பங்களில் தனி உத்தரவு போட்டுத் தீர்வையைத் தள்ள மத்திய சர்க்காருக்குச் சுங்கச் சட்டத்திலேயே அதிகாரமிருக்கிறது. ஆனால் அவ்வுத்தரவைப் பெற, மந்திரியின் காதுவரை குரல் எட்டவேண்டும். புகைப்படமும் பத்திரிகைச் செய்தியும் வேண்டும். இவையெல்லாம் வாய்க்கப்பெறாத குழந்தையின் கதி என்ன? இந்தக் கேள்விக்குச் சர்க்கார் மெல்ல மெல்லத்தான் விடை தந்தது. 2021 செப்டம்பர் 17ந் தேதி லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், சொந்த உபயோகத்துக்காகத் தருவிக்கும் அந்த மருந்துக்கு வரி விலக்கு அளிக்கச் சிபாரிசு செய்தது. 2023ம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி முதல், அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் சேர்ந்த எல்லா நோய்களின் மருந்துக்கும், வைத்திய அதிகாரியின் சான்றிதழ் ஒன்றைக் காட்டினால் அடிப்படைச் சுங்கத் தீர்வை கிடையாது என்று பொதுவிதியே வந்தது. தயவாக இருந்தது இரண்டு வருஷத்தில் உரிமையாயிற்று. மருந்து விஷயத்தில் முடிந்தது மற்றச் சில்லறைப் பார்சல்கள் விஷயத்தில் ஏன் முடியாது?

வெளியிலிருந்து வரும் பார்சலைப் பற்றியே பேசினோம். நம்மிடமிருந்து போகும் பார்சலின் கதையும் உண்டு. அமெரிக்கா தன் எல்லைக்குள் வரும் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்குத் தீர்வையை 2016 முதல் விட்டுக்கொடுத்திருந்தது. 2025ம் வருஷம் ஜூலை 30ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவினால், ஆகஸ்டு 29ந் தேதியோடு அச்சலுகை எல்லா நாடுகளுக்கும் ஒழிந்தது. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பதே தெளிவாகவில்லை. விமானக் கம்பெனிகள் தபால் மூட்டைகளை ஏற்க மறுத்தன. நமது தபாலிலாகா ஆகஸ்டு 25 முதல் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தியது. கடிதங்களுக்கும் 100 டாலருக்குட்பட்ட பரிசுகளுக்கும் முதலில் விட்டிருந்த வழியும் சில நாளில் அடைபட்டது. அகில உலகத் தபால் சங்கத்தின் கணக்குப்படி 88 தபாலிலாகாக்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுவதுமோ பகுதியோ நிறுத்தின. ஒரே வாரத்தில் அந்நாட்டுக்குப் போகும் தபால் நூற்றுக்கு 81 குறைந்தது. டெக்ஸாஸிலிருக்கும் மகனுக்கு முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டியனுப்பும் தாயார், தபாலாபீஸ் ஜன்னலிலிருந்து மூட்டையோடு திரும்பினார். கைத்தறித் துண்டும் படுக்கை விரிப்பும் இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்த சிறு வியாபாரிகள் ஆர்டரை வைத்துக்கொண்டு விழித்தார்கள். நாடெங்கும் 1,000க்கு மேற்பட்ட தபால் ஏற்றுமதி மையங்களைத் திறந்து, 'உலகுக்கு விற்பனை செய்யுங்கள்' என்று அவர்களை ஊக்கியவர்களும் நமது சர்க்காரே. அக்டோபர் 15ந் தேதி சேவை மறுபடி துவங்கியது. இந்தியப் பண்டத்துக்கு அப்போதிருந்த நூற்றுக்கு 50 தீர்வையையும் அனுப்புகிறவரிடமே முன்கூட்டி வாங்கிக்கொண்டார்கள். அத்தீர்வையின் விகிதத்தைப் பற்றிய சண்டை வேறு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜன்னலிலேயே தொகை சொல்லப்பட்டது. பெறுகிறவர் வாசலில் வழக்கு எழவில்லை.

நண்பரின் குமாரர் இருக்கும் சிங்கப்பூர் இவ்விஷயத்தில் என்ன செய்தது? 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான பார்சல்களுக்கு முன்னர் வரியில்லை. உள்ளூர்க் கடைக்காரர் வரி கட்ட, அயல்நாட்டுக் கடைக்காரர் கட்டாமல் தப்புவது அநியாயமென்று கண்டு, 2023 ஜனவரி 1ந் தேதி முதல் அச்சலுகையை நீக்கினார்கள். ஆனால் எல்லையில் ஆளை நிறுத்தவில்லை. பெரிய அயல்நாட்டு இணையக் கடைகளையே பதிவு செய்துகொள்ளச் செய்து, விற்கும்போதே வரியைச் சேர்த்து வாங்கிக் கட்டும்படி விதித்தார்கள். வாங்குகிறவர் பணம் செலுத்துமுன் மொத்தத் தொகையைக் கைப்பேசியிலேயே பார்க்கிறார். ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும் ஏறக்குறைய இவ்வழியையே மேற்கொண்டன. இது நமது சர்க்காருக்குத் தெரியாத வித்தையன்று. அயல் நாட்டிலிருந்து இணையவழியே சினிமாவும் சங்கீதமும் விற்கும் கம்பெனிகளைப் பதிவு செய்யச் செய்து, நமது ஜனங்களிடம் விற்கும்போதே ஜி.எஸ்.டி. வசூலிக்கும்படி ஏற்கெனவே விதித்திருக்கிறது. பாட்டுக்குப் பொருந்தும் முறை கடிகாரத்துக்குப் பொருந்தாதா?

ஆகையால் நாம் கேட்பது அதிகமன்று. சொந்த உபயோகப் பார்சலுக்கு ஒருவருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு நிர்ணயித்து, அது வரை விலக்களிக்க வேண்டும். ஆதார் எண்ணைக் கேட்டுப் பெறும் கம்பெனிகள் அதைக்கொண்டே கணக்கு வைக்கலாம். சீன வியாபாரியின் பழைய தந்திரம் அதில் பலியாது. வரம்பு பிரயாணிக்குள்ளதற்குச் சமமாக இல்லாவிடினும், அதில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். அதற்குமேல் வரும் தீர்வை வாங்கும்போதே தெரியவேண்டும். கூரியர் கம்பெனிகள் தீர்வையின் பெயரால் வாங்கும் கட்டணத்துக்கு ஓர் உச்ச அளவு வேண்டும். தனிப் பிரஜை எந்தப் பண்டத்துக்கும் வியாபாரியைவிடக் கூடுதலாகக் கட்டலாகாது.

நாமக்கல் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினரும் அண்டைத் தொகுதிகளின் அங்கத்தினர்களும் ஒரு கேள்வியை லோக் சபையில் எழுப்ப வேண்டுமென்று கோருகிறோம். சொந்த உபயோகப் பார்சல்கள்மீது நாடு முழுவதும் சென்ற வருஷம் வசூலான தீர்வை எவ்வளவு, அதைப் பிரித்துப் பார்த்து, மதிப்பிட்டு, வசூலிக்க ஆன செலவு எவ்வளவு? நண்பர் கொண்டுவந்த ரசீதின் நகல் நம்மிடம் இருக்கிறது. இதைப் போன்ற ரசீதுகளை வைத்திருக்கும் அன்பர்கள், பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டு நமது காரியாலயத்துக்கு அனுப்பினால், அவற்றைத் தொகுத்து அங்கத்தினர்களிடம் நாமே நேரில் சேர்ப்பிப்போம்.